பனி தள்ளிய வண்டி, செம்மண் உழும் வண்டி

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் தமிழர்களில் நிலம் வாங்காதவர்களை இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். 2020-ல் கர்நாடக அரசு நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, விவசாயப் பின்னணி இல்லாதவர்களும் விளைநிலம் வாங்கலாம் என்று ஆக்கிய பிறகு, ஆனேக்கல், மாலூர், கனகபுரா, தொட்டபள்ளாபுரா என்று நாலு திசையிலும் நம் ஆட்கள் பஹணி என்ற நில ஆவணத்தின் நகலும் கையுமாக அலைந்தார்கள். வாங்கியாச்சு. வேலி போட்டாச்சு, போர் போட்டாச்சு, மாங்கன்றும் நட்டாச்சு. அப்புறம் ஒரு மழைக்காலம் முடிந்து புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது: டிராக்டரை வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்கிவிடுவதா?

கேன்டீனில் இதை என்னிடம் வந்து கேட்பார்கள். எங்கள் அலுவலகத்தில் டிராக்டர் ஓட்டத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். ஆண்களிலும் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. என் பதில் அவர்களுக்குப் பெரும்பாலும் பிடிக்காது. வாடகையா சொந்தமா என்பதெல்லாம் அப்புறம். எந்த நாளில் வண்டியை நிலத்தில் இறக்கலாம், எந்த நாளில் இறக்கவே கூடாது என்று தெரியாவிட்டால் இரண்டுமே தண்டம் என்பேன். இதை நான் ஆனேக்கலில் கற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பனியில் கற்றுக்கொண்டேன்.

அங்கே சில வருடங்கள் ஒரு செமிகண்டக்டர் சிப் ஆலையில் வேலை. பர்லிங்டன் நகரத்துக்கு வெளியே, மாடுகளை விற்றுவிட்ட ஒரு பழைய பால் பண்ணையில் வாடகைக்கு இருந்தோம். வெர்மான்டில் பாதிக்கு மேற்பட்ட சாலைகள் இன்னும் தார் பார்க்காத மண் சாலைகள். பொதுச் சாலையில் விழும் பனியை ஊர் நிர்வாகத்தின் லாரி வந்து தள்ளிவிட்டுப் போகும். அங்கிருந்து வீட்டு வாசல் வரை உள்ள நூறு மீட்டர் சரளைப் பாதை நம் பாடு. வீட்டுக்காரருக்கு எழுபதைத் தாண்டிய வயது. தோளில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அந்த நவம்பரில் என்னைக் கூப்பிட்டு, டிராக்டர் ஓட்டுகிறாயா என்று கேட்டார். என் கணவரைக் கேட்கவில்லை. அவர் கார் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் அழகை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார் போல.

பனி என்றால் பஞ்சு மாதிரி லேசு என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் எல்லோரும் போகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு அங்குல மழை பெய்யும் தண்ணீர், பனியாக விழுந்தால் சுமார் பத்து அங்குலம் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் பத்து அங்குலப் பனி படிந்த ஒரு சதுர மீட்டரில் இருபத்தைந்து கிலோ கிடக்கிறது. நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் என்றால் ஏழரை டன். இது சராசரிப் பனிக்கு. வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும்போது விழும் ஈரப்பனி இதைப்போல இரண்டு மடங்குகூடக் கனக்கும். பர்லிங்டனில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாக ஏழடிக்கு மேல் விழுகிறது. மண்வெட்டியோடு கிளம்புகிறவர்களுக்கு முதுகு போவதும், சிலருக்கு மாரடைப்பு வருவதும் சும்மா இல்லை.

வண்டி மாஸி ஃபெர்குசன் 35. அறுபதுகளின் ஆரம்பத்து மாடல். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின். கேபின் கிடையாது, ஹீட்டர் கிடையாது, பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. பின் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி, எடை கூட டயருக்குள் உறையாத திரவம். பின்னால் ஆறடி அகலத்தில் ஒரு தகடு. அதை நேராகவும் வைக்கலாம், சாய்த்தும் வைக்கலாம், முன்பின்னாகத் திருப்பிவிட்டு ரிவர்ஸில் தள்ளவும் செய்யலாம். இரவே எஞ்சினின் பிளாக் ஹீட்டரைக் கரண்டில் மாட்டிவிட வேண்டும். மைனஸ் பத்து டிகிரியை ஒட்டிப் போனால் சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் என்பதால் குளிர்காலத்துக்கென்று தனி டீசல். ஸ்டார்ட் ஆனதும் ஏறி உட்கார்ந்து கிளம்பக் கூடாது. ஹைட்ராலிக் ஆயில் இளகும் வரை சும்மா ஓடவிட வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு காபி குடிக்கலாம். பால் இல்லாத, நம் ஊர் டிகாஷனைக்கூட எட்டாத காபி. சரி, அதை விடுங்கள்.

கிழவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி, பனி விழுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை. நவம்பரில் தரை இறுகுவதற்குள் பாதையின் இரண்டு ஓரத்திலும் குச்சி நட வேண்டும், நுனியில் வெளிச்சம் பட்டால் மின்னும் டேப் சுற்றி. ஓரடி பனி விழுந்த பிறகு பாதை எது, புல் எது, சாக்கடைப் பள்ளம் எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அடுத்தது, முதல் பனியைச் சுரண்டவே கூடாது. தரை இன்னும் முழுசாக உறையாத நேரத்தில் தகடு வைத்தால் பனியோடு சரளையும் பெயர்ந்து புல்வெளிக்குப் போய்விடும். ஏப்ரலில் உட்கார்ந்து கல் பொறுக்க வேண்டும். அதனால் முதல் பனியின் மேல் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி மிதித்து இறுக்கிவிடுவார். அது உறைந்து கெட்டியான பிறகு, அதன் மேல் தகடு வழுக்கிக்கொண்டு ஓடும்.

இன்னொன்று, எனக்கு நம்பக் கஷ்டமாக இருந்தது: பனி நிற்கும் வரை காத்திருக்காதே. முழுசாக விழுந்து முடியட்டும், ஒரே தடவையில் தள்ளிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். முப்பத்தைந்து குதிரைத்திறன் உள்ள, பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிக்கு ஓரடிப் பனி தாங்காது. நாலைந்து அங்குலம் சேர்ந்ததும் ஒரு முறை, மறுபடியும் சேர்ந்ததும் ஒரு முறை என்று விழ விழத் தள்ள வேண்டும். இரவு இரண்டு மணியானாலும் சரி. மறுநாள் காலை மீட்டிங் இருந்தாலும் சரி.

டிசம்பரில் பாதைக்குத் தேவையானதைவிட இன்னும் நாலடி தள்ளியே பனியைக் கொண்டுபோய்க் கொட்டுவார். இவ்வளவு தூரம் எதற்கு என்று நினைத்தேன். பிப்ரவரியில் விளங்கியது. ஓரத்தில் குவித்த பனி பாறையாக உறைந்துவிடும், அப்புறம் அதை அசைக்க முடியாது. ஒவ்வொரு புயலுக்கும் பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். முதலிலேயே இடம் விடாதவர்கள் வீட்டில் கடைசியில் கார் கதவைத் திறக்கவே இடம் இருக்காது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் குவித்தால் அதே பனி திரும்பப் பாதையிலேயே வந்து படியும் என்பதால் எதிர்ப்பக்கம்தான் குவிப்பது. வாசல் பனியைப் பொதுச் சாலையில் தள்ளிவிடுவது அங்கே சட்டப்படி குற்றம். ஆனால் ஊர் லாரி மட்டும் நம் பாதையின் வாயில் ஒரு பனிச்சுவரைக் கட்டிவிட்டுப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கும் கிழவரிடம் ஒரு வழி இருந்தது. லாரி வரும் திசையில், நம் பாதைக்குக் கொஞ்சம் முன்பாகச் சாலையோரத்தில் ஒரு திட்டுப் பனியை நாமே முன்கூட்டி எடுத்துவிட வேண்டும். லாரியின் தகட்டில் சேர்ந்து வருவது அந்தப் பள்ளத்தில் இறங்கிவிடும், வாசலுக்கு மிச்சம் கொஞ்சம்தான் வரும்.

இதில் சந்தோஷம் எங்கே என்று கேட்பீர்கள். விடிவதற்கு முன்னால், ஹெட்லைட் வெளிச்சத்தில் மட்டும் உலகம் இருக்கும். தகட்டைச் சாய்த்து வைத்து இரண்டாவது கியரில் போனால், பனி தகட்டின் ஒரு முனையில் ஏறி, சுருண்டு, மறுமுனையில் ஒரே சீராக வழிந்துகொண்டே வரும். திரும்பிப் பார்த்தால் கோடு. இன்னொரு நடை போனால் இன்னொரு கோடு. தகடு கொஞ்சம் ஆழம் பிடித்தால் எஞ்சின் சத்தம் கனக்கும். லீவரை ஒரு நூல் தூக்கினால் சத்தம் இளகும். கொஞ்ச நாளில் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். ஆலையில் நான் பார்த்த வேலை வெளிவர இரண்டு வருடம் ஆகும். வந்தாலும் அதில் என் பங்கு எது என்று எனக்கே காட்டத் தெரியாது. இங்கே முக்கால் மணி நேரத்தில் பாதை திறந்துவிடும், பால் வண்டிகூட வரலாம்.

மார்ச் கடைசியில் கதை மாறும். மேல்மண் உருகிவிடும், அடிமண் இன்னும் உறைந்தே இருக்கும். உருகிய தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லை. மண் சாலை முழுக்கச் சேறு, கார்கள் அச்சு வரை புதையும். அந்த ஊரில் இதை ஒரு தனிப் பருவமாகவே சொல்வார்கள். புயலின் நடுவே நள்ளிரவில் என்னை எழுப்பி வண்டி எடுக்கச் சொன்ன அதே மனிதர், அந்த வாரங்களில் டிராக்டர் சாவியைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டிவிடுவார். வெயில் அடிக்கிறது, வேலை நிறையக் கிடக்கிறது, நான் துறுதுறுவென்று நிற்கிறேன். ம்ஹும். சாவி ஆணியில்தான். சேறான பாதையில் இப்போது ஒரு தடம் விழுந்தால் அது கோடை முழுக்க அப்படியே இறுகிக் கிடக்கும் என்பார்.

இந்த இரண்டையும் சேர்த்துத்தான் அங்கிருந்து பெங்களூருக்கு எடுத்து வந்தேன். பனிக்குப் பொறுமை கூடாது. மண்ணுக்கு அவசரம் கூடாது.

ஆனேக்கல் தாலுகாவில் எங்களுக்கு இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சந்தாபுரா வழியாகப் போனால், டிராஃபிக் விட்டால், ஒரு மணி நேரம். தமிழ்நாட்டு எல்லை பக்கத்திலேயே இருப்பதால் அங்கே கூலிக்கு வருகிறவர்கள், கடைக்காரர்கள் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் போட்டுப் பேசுவார்கள். எங்களுக்கு உழ வருகிற டிரைவர் அண்ணன் தளிப் பக்கத்துக்காரர். அவர் வண்டி மாஸி ஃபெர்குசன் 1035. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனி தயாரித்தது. முப்பத்தாறு குதிரைத்திறன், மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின், அதுவும் பெர்கின்ஸ் வழி வந்ததுதான். முதல் நாள் அவர் வண்டி வரப்பில் வந்து நின்றபோது அந்தச் சத்தத்தைக் கேட்டே எனக்குப் பழைய ஆளைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

நான் கொஞ்சம் ஓட்டட்டுமா என்று கேட்டேன்.

"மேடம், இது கார் இல்ல."

"தெரியும்ணா. இது பொசிஷன் லீவர், இது டிராஃப்ட் லீவர். சரியா?"

அவர் இறங்கி நின்றார். "எங்க கத்துக்கினீங்க?"

"அமெரிக்காவுல பனி தள்ளினேன்ணா."

"அத எதுக்கு மேடம் தள்ளணும்? வெயில் வந்தா தானா போயிடும்ல?"

போனில் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "டீசலு நம்மளா, அவங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த இரண்டு லீவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டிராக்டரின் பின்னால் இரண்டு கைகள் கீழே, ஒன்று மேலே என்று மூன்று இடத்தில் கலப்பையைப் பிடிக்கிறதே, அந்த ஏற்பாட்டை அயர்லாந்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன் 1920-களில் கொண்டுவந்தார். இன்றைக்கு உலகம் முழுக்க எல்லா கம்பெனிகளும் அதே முறையில்தான் கருவிகளை மாட்டுகின்றன. பொசிஷன் லீவர், கருவியை நீங்கள் வைத்த உயரத்திலேயே நிறுத்தும். தகடு, சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் ரோட்டாவேட்டர் போன்றவற்றுக்கு அது. டிராஃப்ட் லீவர் வேறு ஜாதி. கொழு கெட்டியான மண்ணில் மாட்டி இழுவை கூடினால், ஹைட்ராலிக் தானே கலப்பையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி இறக்கும். ஒன்பது கொழுக் கலப்பை போடும்போது இதில்தான் ஓட்ட வேண்டும். வாடகை வண்டியில் வரும் பையன்கள் பலர் எல்லாவற்றுக்கும் பொசிஷனிலேயே ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சக்கரம் வழுக்கும், டீசல் போகும், உழவு ஒரே ஆழத்தில் விழாது. மணிக்கணக்கில் நாம் பணம் கொடுப்பதால் அவர்களுக்கு அதில் நஷ்டமும் இல்லை.

இனி பதம். செம்மண்ணில் மழை பெய்த மறுநாள் வண்டியை விட்டால் கொழு மண்ணை வெட்டாது, மழுக்கிவிடும். புரண்டு விழும் கட்டி இரண்டு வெயிலில் செங்கல்லாகிவிடும். சக்கரம் போன இடம் அடியில் இறுகிப்போய், அடுத்த மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடும். ரொம்பக் காயவிட்டாலோ கொழு இறங்காது, மேலே சுரண்டிக்கொண்டு புழுதி கிளப்பும். நடுவில் இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும். அண்ணன் இதைப் பார்க்கும் விதம் எளிமையானது. மேலே காய்ந்திருப்பதை நம்ப மாட்டார். குதிகாலால் ஒரு குழி பறித்து, நாலு விரல் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுவார். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது. பிடித்தால், இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார். பொலபொலவென்று உதிர்ந்தால் வண்டியை இறக்கலாம். தட்டென்று விழுந்து அப்படியே கிடந்தால், "மண்ணு இன்னும் பச்சையா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைக்கப் போய்விடுவார். நிலத்தில் ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. எங்கள் நிலத்தில் மேட்டில் பதம் வந்த அன்று பள்ளத்தில் கால் வழுக்கும். மேட்டை அன்றைக்கு உழுதுவிட்டு, பள்ளத்தை இரண்டு நாள் கழித்து உழுவோம்.

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் உள்ள பெரிய சிக்கல் சனிக்கிழமை. நமக்கு லீவு கிடைப்பது சனி, ஞாயிறு. ஏப்ரல், மே மாதத்து இடிமழை வியாழக்கிழமை சாயந்திரம் பெய்யும். நாம் சனிக்கிழமை காலை போய் நிற்போம், வண்டிக்குச் சொல்லியாச்சு, ஆள் வந்தாச்சு, உழுதே தீர வேண்டும் என்று பிடிவாதம். எங்களுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் இப்படித்தான் ஒரு மே மாதம் ஈரத்தில் உழவைத்தார். அந்தக் கட்டிகள் ஆகஸ்ட் வரை அங்கே கிடந்தன. ராகி விதைப்பதற்கு மறுபடியும் இரண்டு தடவை ரோட்டாவேட்டர் விட்டார். அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, உள்ளூரில் வண்டி வைத்திருக்கும் ஒருவரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "பதம் வந்தா நீங்களே போட்டுடுங்கண்ணா, நான் வரணும்னு இல்ல" என்று சொல்லி, பணத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பாக்கி வைக்காத ஆளுக்குத்தான் சீசனில் முதலில் வண்டி வரும். ஓட்டும் ஆசை இருந்தால் ஒரு நாள் லீவு போடுங்கள். வெர்மான்டில் புயல் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வரவில்லை.

ரோட்டாவேட்டர் மேல் நம் ஆட்களுக்கு ஒரு மோகம் இருக்கிறது. ஒரே தடவையில் நிலம் மாவு போல ஆகிவிடுகிறது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துச் செம்மண்ணை அவ்வளவு பொடியாக்கினால், அடுத்த மழையில் மேலே ஒரு ஓடு கட்டிக்கொள்ளும். ராகி போன்ற சின்ன விதை அதை முட்டிக்கொண்டு வெளியே வரத் திணறும். வருடா வருடம் அதையே விட்டால் ஐந்தாறு அங்குல ஆழத்தில் மண் தளமாக இறுகும். நாங்கள் கோடை மழைக்குப் பிறகு கலப்பை மட்டும் போடுகிறோம், சரிவுக்குக் குறுக்காக. விதைப்புக்கு முன்னால் ஒரே ஒரு முறை ரோட்டாவேட்டர், அதுவும் பின் தகட்டைக் கொஞ்சம் தூக்கி, வண்டியைக் கொஞ்சம் வேகமாக விட்டு. தகடு இறங்கி வண்டி மெதுவாகப் போனால் மண் பொடியாகும், தகடு தூக்கி வேகம் கூடினால் பருக்கையாக விழும். இந்த ஒரு விஷயத்தை டிரைவரிடம் சொன்னாலே வித்தியாசம் தெரியும்.

'அகல உழுவதைவிட ஆழ உழு' என்பது உண்மைதான், ஆனால் மாந்தோப்புக்கு இல்லை. மாமரத்தின் சத்து உறிஞ்சும் வேர்கள் நிறைய மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். மர நிழல் விழும் வட்டத்துக்குள் வண்டியை விடாமல் இருப்பது நல்லது. அங்கே புல்வெட்டும் மிஷினோ கையோதான்.

நேராக ஓட்ட என்ன வழி என்று கேட்பார்கள். முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள். எதிர் வரப்பில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ குறி வைத்து அதையே பாருங்கள். முதல் சால் நேராக விழுந்துவிட்டால் மற்றது தானாக வரும். சரிவில் நேர்க்கோட்டுக்கு ஆசைப்படவே வேண்டாம். நிலத்தின் வளைவோடு வளைந்து போகும் சால்தான் தண்ணீரைப் பிடிக்கும். பார்க்க அழகாக மேலிருந்து கீழாக இழுத்த கோடு, முதல் பெருமழையில் வாய்க்காலாகிவிடும்.

நான் ஓட்டும்போது பின்னால் எப்போதும் கூட்டம் உண்டு. கொழு மண்ணைப் புரட்டிய அடுத்த நொடியில் உண்ணிக்கொக்குகள் வந்து இறங்கும். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, பயமே இல்லாமல் நடந்து வரும். மைனாக்கள் சண்டை போட்டுக்கொண்டு பின்னால் வரும். கரிச்சான் மட்டும் வேலிக் கம்பியில் உட்கார்ந்து, பறக்கும் பூச்சியாகப் பார்த்துப் பிடிக்கும். கோடை உழவில் மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் இப்படித்தான் காலியாகின்றன, மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மழைக்குப் பின் பதத்தில் உழும்போது வரும் மண் வாசனையைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட, மண் சரியான பதத்தில் கொழுவிலிருந்து பிரிந்து விழும் அந்த மெல்லிய சரசரப்பு பிடிக்கும். எஞ்சின் சத்தத்துக்கு நடுவிலும் கேட்கும். ஈரத்தில் அது கேட்காது.

இப்போது பயமுறுத்த வேண்டிய இடம். எஞ்சினின் சக்தியைக் கொண்டுபோய் ரோட்டாவேட்டரைச் சுழற்றும் தண்டு, அதாவது பிடிஓ ஷாஃப்ட், நிமிடத்துக்கு 540 சுற்று. அதாவது விநாடிக்கு ஒன்பது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தத் தண்டு ஒரு சுற்றுக்கு கால் மீட்டர் துணியைச் சுற்றும் என்று வைத்தால், ஒரு முழு துப்பட்டா ஒரு விநாடியில் உள்ளே போய்விடும். 'விடு' என்று கத்துவதற்குக்கூட நேரமில்லை. நான் ஓட்டும் நாளில் துப்பட்டா கிடையாது, பின்னல் தொப்பிக்குள். ஆண்களுக்கும் இதே கதைதான், லுங்கியும் தோள் துண்டும். ஷாஃப்ட்டின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். பாதி வாடகை வண்டிகளில் அது எப்போதோ உடைந்து போயிருக்கும். உறை இல்லாத வண்டி வந்தால் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். கல் மாட்டியிருக்கிறது, புல் சுற்றியிருக்கிறது என்றால் எஞ்சினை அணைத்துவிட்டு, சுழல்வது நின்ற பிறகே இறங்க வேண்டும்.

டிராக்டருக்கு இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல்கள். வயலில் சட்டென்று திருப்ப ஒன்றை மட்டும் மிதிக்கலாம். ஆனால் ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் தார் ரோட்டில் வேகமாகப் போய் ஒன்றை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும். கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காப்பாற்றும் இரும்புச் சட்டம், அமெரிக்காவில் கூலியாட்கள் ஓட்டும் டிராக்டர்களுக்கு 1976 முதல் கட்டாயம். இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. மட்கார்டில் குழந்தைகளை உட்காரவைத்துப் படம் எடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் போதும், பிள்ளை விழுவது பெரிய சக்கரத்துக்கு முன்னால்.

வாடகையா சொந்தமா? இரண்டு ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் வாடகைதான். கர்நாடகத்தில் தாலுகாவின் உட்பிரிவான ஹோப்ளி அளவில், கருவிகளை வாடகைக்குத் தரும் கிருஷி யந்திர தாரே மையங்கள் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் நிலம் என்றால் தமிழக வேளாண் பொறியியல் துறை வண்டிகளை உழவன் செயலியில் முன்பதிவு செய்யலாம். நாங்கள் கணக்குப் பார்க்காமல் ஒரு பழைய 1035 வாங்கினோம். காரணம் கேட்டால் என்னிடம் பொருளாதார பதில் இல்லை. கணவர் அதை என் நகை என்பார். ஷெட்டில் நிற்கிறது, வருடத்தில் பாதி நாள் சும்மாதான் நிற்கிறது.

பழைய வண்டி பார்க்கப் போனால் பெயிண்டைப் பார்க்காதீர்கள், புதுப் பெயிண்ட் அடித்த வண்டி என்றால் இன்னும் உஷாராகப் பாருங்கள். எஞ்சின் சூடு இல்லாத நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருந்தால், ஆறும் வரை டீக்கடையில் உட்காருங்கள். சூடான பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. ரோட்டாவேட்டரை மாட்டித் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு பத்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள். அதற்குள் கருவி தரையைத் தொட்டுவிட்டால் ஹைட்ராலிக்கில் செலவு இருக்கிறது. இறக்கத்தில் கியரில் விட்டுப் பாருங்கள், கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் வேண்டவே வேண்டாம். ஆர்சி புத்தகத்தில் பேங்க் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான சான்று கையில் வந்த பிறகே பணம். எங்கள் வண்டியை அண்ணன்தான் பார்த்துக் கொடுத்தார். பேரம் பேசியதும் அவர்தான். நான் வாயைத் திறந்தால் பெங்களூர் ரேட் ஆகிவிடும் என்று என்னைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்.

டீசல் உறையும் கவலை இங்கே இல்லை, இங்கே எதிரி புழுதி. ஏப்ரலில் ஓட்டினால் ஏர் கிளீனரின் அடியில் இருக்கும் ஆயில் கிண்ணத்தில் அரை அங்குலத்துக்குச் சிவப்புச் சகதி படிந்திருக்கும். மேனுவலில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பாமல், புழுதிக் காலத்தில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் கழற்றிப் பார்ப்பது நல்லது. ரேடியேட்டர் முன்னால் உள்ள வலையில் புல் விதை அடைத்துக்கொள்ளும், அதையும் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை ஓட்டலாம் என்று ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று சாயந்திரம் ஆனேக்கல் பக்கம் நல்ல மழை. காலையில் அண்ணன் போன் செய்து, "வராதீங்க மேடம், செவ்வாக்கிழமை பாக்கலாம்" என்றார். செவ்வாய்க்கிழமை எனக்கு ரிவ்யூ இருக்கிறது, அவரே போட்டுவிடுவார். நான் எப்படியும் போகிறேன். ஏர் கிளீனர் கழுவ வேண்டும், பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது, அதையும் சுரண்ட வேண்டும்.